விசா இல்லாத வீடு

மாலை நான்கு இருபதுக்கு எனக்கு முன்னால் நின்ற ஈழத்து அம்மா ஒருவரின் கைப்பேசியில் செய்தி வந்தது. பிராங்பேர்ட் விமான நிலையத்தில், பயணிகள் வெளியே வரும் கதவுக்கு எதிரே காத்திருந்தோம். செய்தி, உள்ளே பயணப்பைக்காக நின்ற அவருடைய மகளிடமிருந்து.

"இஞ்சாருங்கோ, பிள்ளை ஜப்பானில வீடு வாங்கிட்டாளாம்."

"டோக்கியோவிலயோ?" என்றார் பக்கத்தில் நின்ற அவருடைய கணவர்.

"இல்லை, ஏதோ மலைக்கிராமமாம். ஆக்கள் இல்லாமல் பூட்டிக் கிடந்த பழைய வீடு. ஒரு பழைய கார் வாங்கிற காசுதானாம்."

"அப்ப விசா குடுத்திட்டாங்களோ?"

"வீடு வாங்கினதுக்கு விசா தரமாட்டினமாம். அதைப் பிறகு பாப்பமாம்."

"விசர்க்கதை கதையாதையும். நாங்கள் விசாவுக்கு எத்தனை வருஷம் அகதி முகாமில கிடந்தனாங்கள்? பிறகுதானே வீடு? இவள் தலைகீழாச் செய்திருக்கிறாள்."

"என்னோட ஏன் பாயிறியள்? இஞ்ச வேலையையும் விடப்போறாளாம்."

நானும் என் மகளுக்காகத்தான் காத்திருந்தேன். என் கைப்பேசியைப் பார்க்கப் பயமாக இருந்தது.

கதவு திறந்து, முதுகுப்பையோடு அவர்களுடைய மகள் சிரித்துக்கொண்டே வந்தாள். தகப்பன் அவளை அணைக்கக்கூட இல்லை.

"ஆர் பிள்ளை உன்னை இஞ்சயிருந்து துரத்தினது?"

"ஒருத்தரும் துரத்தேல்லை அப்பா," என்றாள் அவள். "ஆரும் துரத்தாமல் ஒருக்கா நாடு மாறிப் பாக்க ஆசையா இருந்தது."