வெறும் டிஸ்க்கில் வந்த கல்யாணம்

என் பெயர் ஆரோக்கிய அனிதா, வயது 31, கணவர் பெயர் ராபர்ட். சிதம்பரம் மேலவீதியில் குடியிருந்து அங்கேயே கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை நடத்தி வருகிறேன். முதுநகரில் ஸ்டுடியோ வைத்திருக்கும் மரிய ஜோசப் என் தாய்மாமா. அவருடைய கம்ப்யூட்டரில் உள்ள அத்தனையையும் அப்படியே நகலெடுத்து, வெளி டிஸ்க் ஒன்றில் வாரந்தோறும் பேக்கப் போட்டு வைப்பது நான்தான். அதை ஒரு தடவையாவது வேறு டிஸ்க்கில் திரும்ப ஏற்றிப் பார்த்தால்தான் நம்பலாம் என்று பலமுறை சொல்லியும், "நல்லா ஓடுறத எதுக்கு நோண்டுற?" என்று மாமா பிடிவாதமாக இருந்தார். நெல்லிக்குப்பத்துக் கல்யாண வீடியோ இன்னும் கொடுக்கப்படாமல் அதற்குள்தான் கிடந்தது. அது போனால் அந்தக் கல்யாணத்தைத் திரும்ப நடத்தவா முடியும்?

இன்று காலை மாமா ஞாயிறு பூசைக்குப் போன சமயம் பார்த்து ஸ்டுடியோவுக்குச் சென்றேன். அத்தை சவரிமேரி கதவைத் திறந்துவிட்டார். பேக்கப்பை ஏற்றினால் டிஸ்க்கில் முன்பு இருப்பது அழிந்துவிடும் என்பதால், முதலில் அசல் டிஸ்க்கைக் கழற்றினேன். அதன் பிறகு நான் கொண்டுவந்த வெறும் டிஸ்க்கை மாட்டியபோது, அது அசலைவிடச் சிறியது, பேக்கப் ஏறாது என்று தெரியவந்தது. பெரிய டிஸ்க் எடுத்துவரக் கடைக்குப் பஸ் ஏறினேன். அசலை அங்கே விட்டால் மாமா மாட்டிவிடுவார் என்று பையில் போட்டுக்கொண்டேன். அவரிடம் விவரம் சொல்லும்படி அத்தையிடம் சொன்னேன். மீன் பொரித்துக்கொண்டிருந்த அத்தை தலையாட்டினார்.

அதன் பிறகு பூசை முடிந்து வந்த மாமாவிடம் அத்தை, "அனிதா வந்துச்சு, பொட்டிக்குள்ளேருந்து என்னமோ கழட்டிக்கிட்டுப் போயிடுச்சு" என்று மட்டும் சொல்லியிருக்கிறார். என் போனில் சார்ஜ் இல்லை. மாமா நேராக இந்தக் காவல் நிலையத்துக்கு வந்து, டிஸ்க்கைத் திருடிவிட்டேன் என்று புகார் கொடுத்துவிட்டார். பெரிய டிஸ்க்குடன் திரும்பி வந்த என்னை ஸ்டுடியோ வாசலிலிருந்து இங்கே அழைத்து வந்தார்கள்.

உதவி ஆய்வாளர் அருள்மொழி அம்மாவிடம் அசல், பெரியது என இரண்டு டிஸ்க்கையும் ஒப்படைத்து விவரம் சொன்னேன். "அப்ப இங்கயே ஏத்திக் காட்டுங்க" என்றார். மாமா ஆட்டோவில் கம்ப்யூட்டரையும் பேக்கப் டிஸ்க்கையும் கொண்டுவந்தார். அசல் அம்மாவின் மேசையில் இருக்க, புது டிஸ்க்கை மாட்டி பேக்கப்பை ஏற்றினேன். பச்சைக் கோடு நகர நகர மாமா ஜெபமாலை சொன்னார், காவலர்கள் கிரிக்கெட் பார்ப்பதுபோல் சுற்றி நின்றார்கள். அதன் பிறகு கம்ப்யூட்டரை நிறுத்தி மறுபடி போட்டதும் மாமாவின் திரை அப்படியே வந்தது. நெல்லிக்குப்பத்து வீடியோவைத் திறந்தேன். மோதிரத்தைத் தவறவிட்ட மாப்பிள்ளையும் ஃபாதரும் பீடத்தடியில் குனிந்து தேட, பொண்ணு அடக்க மாட்டாமல் சிரித்துக்கொண்டிருந்தது. நிலையமே சிரித்தது. எனக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது. மாமா புகாரை வாபஸ் வாங்கிக்கொண்டு எல்லாருக்கும் டீ சொன்னார்.

அத்தோடு நிற்காமல், "இன்னொரு தடவ அழிச்சிட்டு ஏத்திக் காட்டும்மா, ஒங்க அத்தையயும் கூப்ட்டுக்கறேன்" என்று இப்போதுவரை கேட்டுக்கொண்டிருக்கிறார். ஆகவே அசல் டிஸ்க்கை என்னிடமே ஒப்படைக்குமாறும், எக்காரணம் கொண்டும் மாமா கையில் கொடுக்க வேண்டாம் என்றும் கேட்டுக்கொள்கிறேன்.

இதை எனக்குப் படித்துக் காட்டினார்கள். நான் சொன்னது சொன்னபடி இருக்கிறது, அத்தனையும் உண்மை.

(ஒப்பம்)
ஆரோக்கிய அனிதா