ரோபோவைக் குளிப்பாட்டிய மாமி

கரமனையில் பஸ் ஏறியதும் முன் சீட்டு மாமி பக்கத்து மாமியிடம், "நேத்து எங்காத்து ரோபோவைக் குளிப்பாட்டினேன், கேட்டேளா" என்றார். அதற்குப் பிறகு நான் ஃபோனைப் பார்க்கவே இல்லை.

"ரோபோவா?"

"தரை பெருக்குமே, ஆமை மாதிரி. பையன் வாங்கித் தந்ததாக்கும். குளிமுறி வாசலைப் பெருக்கிட்டு அதே ஜோரிலே பூஜை ரூமுக்குள்ளே நுழையறது. மடி வேண்டாமோ?"

"பின்னே? கட்டாயம் வேணும்."

"அதான் ரெண்டு சொம்பு வெள்ளம் முதுகிலே விட்டேன். கீன்னு ஒரு சத்தம். அதோட போயிடுத்து."

"ஐயோ பாவமே!"

"ஆனா மடியாத்தான் போச்சு."

பக்கத்து மாமி அவருடைய பூக்கூடையைப் பார்த்தார். பிறகு மெதுவாக, "கோவிலுக்குன்னு கிளம்பிட்டோமே. அது போனதுக்கு உங்களுக்குத் தீட்டு உண்டோ?" என்றார்.

முன் சீட்டு மாமி மடியிலிருந்த பூக்கூடையை இறுகப் பிடித்துக்கொண்டார்.

"நம்மாத்துலேதான் வளைய வந்தது. ஆனா பிறந்தது சைனாவிலே. பெட்டி மேலே எழுதியிருந்தது."

"அப்போ நம்ம கோத்திரம் இல்லை. எழுந்திருங்கோ, கோட்டை வந்தாச்சு."