ஈப்போ பஸ்ஸுக்கு எழுதின பேர்கள்

கம்போங் ராஜாவிலிருந்து வந்த பஸ் திரிங்காப்பில் நின்றபோது இரண்டு பெண்கள் ஏறி, எனக்கு முன் சீட்டில் உட்கார்ந்தார்கள். ஒருத்தி தேயிலைத் தோட்டத்து லயத்தில் இருப்பவள். மற்றவள் பூத்தோட்ட வேலைக்காரி, அந்த லயத்துக்குக் கீழே வாடகை வீட்டில் இருக்கிறாள் என்று பேச்சில் தெரிந்தது.

"சினிமா டிக்கெட் லிஸ்ட்தான் அந்தம்மா உசுர காப்பாத்துச்சு" என்றாள் லயத்துக்காரி.

"என்னக்கா சொல்றீங்க?"

"அன்னிக்கு மழையில லயத்து மேல மண்ணு சரிஞ்சதும் எல்லாரும் கோயில் மண்டபத்துக்கு ஓடியாந்தோம். யாரு வந்தா, யாரு வரலன்னு ஒருத்தருக்கும் தெரியல. எங்க லயத்துல ரசிகர் மன்றம் இருக்குல்ல, புதுப்படம் வந்தா டிக்கெட் எடுத்து ஈப்போவுக்கு வாடகை பஸ் பிடிப்பாங்க. அதுக்கு வீடுவீடா பேர் எழுதி வச்சிருக்காங்க. எங்க வீட்டுக்காரரு அத பாத்து ஒவ்வொரு பேரா கூப்பிட்டாரு. கடைசி வீட்டு பார்வதியம்மா மட்டும் பதில் சொல்லல."

"ஐயோ, அப்புறம்?"

"மன்றத்து ஆளுங்க ஓடுனாங்க. இடிஞ்ச சுவத்துக்கும் கட்டிலுக்கும் நடுவுல மாட்டிக்கிட்டுக் கெடந்தாங்களாம். இப்ப தேறிட்டாங்க. மன்றம் மன்றம்னு அலையிறாரேன்னு எத்தன சண்டை போட்டிருப்பேன் லா, அவருகூட."

பஸ் கியா பார்ம் நிறுத்தத்தைத் தாண்டியது. பூத்தோட்டத்துக்காரி அவள் பக்கம் திரும்பினாள்.

"அக்கா, அந்த லிஸ்ட்ல எம்பேரையும் எழுதச் சொல்லுங்க."

"நீதான் படமே பாக்க மாட்டியே?"

"பாக்க மாட்டேன்கா. தனியா இருக்கேன்ல."