மச்சானின் தொண்டை

எனக்குச் சத்தமே ஆகாது என்று யாரோ உங்களிடம் சொல்லியிருக்கிறார்கள். அது சரியல்ல. சத்தம்தான் என் பிழைப்பு. காது மூக்குத் தொண்டைப் பிரிவின் கடைசி அறையில், குரல் கெட்டவர்களுக்குப் பேச்சுப் பயிற்சி கொடுப்பவன் நான். காலையிலிருந்து மாலைவரை கரகரத்த தொண்டைகள் "ஆ" என்றும் "ஈ" என்றும் இழுப்பதைக் கேட்கிறேன். ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை. என் குரலும் கொஞ்சம் கம்முகிறது, பொருட்படுத்தாதீர்கள். தண்ணீருக்கு நன்றி.

விசாரணைக் குழு கேட்பதால் நடந்ததை நடந்தபடியே சொல்லிவிடுகிறேன்.

என் மச்சான், அதாவது என் மனைவியின் அண்ணன், ஏலம் விடுபவர். மூடிப்போன கடைகளின் சாமான்கள், பழைய மேஜை நாற்காலிகள், எதுவானாலும் சரி. மைக் இல்லாமல் அவர் "ஒரு தரம்" என்று கூவினால் தெருக்கோடியில் போகிறவன்கூடச் சட்டைப் பையைத் தடவிப் பார்ப்பான். அவருடைய வீட்டுக் கூரையில் வேலை நடந்ததால் கொஞ்ச நாள் எங்களோடு தங்க வந்தார். வந்த அன்றே சாப்பாட்டு மேஜையில் ஏலம் ஆரம்பமாகிவிட்டது.

"கடைசித் துண்டு மீன். தலைப்பக்கம், முள் கம்மி. கேக்கறவங்க கேளுங்க. ஒரு தரம்..."

என் மனைவி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாள். ஒரு ஆளின் காதிலிருந்து சட்டைப் பொத்தான் எடுத்த கதையை நான் சொல்ல வாயெடுப்பேன். "இருங்க, அண்ணன் முடிக்கட்டும்" என்பாள். அண்ணன் முடிப்பதே இல்லை. இதற்காக நான் அவரை வெறுத்தேன் என்று எழுதிக்கொள்ளாதீர்கள். மீனும் எனக்குக் கிடைக்கவில்லை, அவ்வளவுதான்.

ஒரு நாள் அவருக்குக் குரல் கம்மியது. எங்கள் பிரிவு டாக்டரம்மா பார்த்தார். குரல்நாணில் சின்னதாக ஒரு தடிப்பு. அப்போது எங்கள் பிரிவில் அதற்கென்றே ஓர் ஆய்வு நடந்துகொண்டிருந்தது. பாதிப் பேர் வாயே திறக்கக் கூடாது. மீதிப் பேர் பயிற்சி செய்துகொண்டு மெதுவாகப் பேசலாம். யாருக்கு எது என்பதை, ஒட்டி மூடிய உறைகளுக்குள் இருக்கும் சீட்டுகள் முடிவு செய்யும். எங்கள் சொந்த விருப்பு வெறுப்பு உள்ளே நுழையாமலிருக்கத்தான் அந்த ஏற்பாடு. நல்ல ஏற்பாடு. ஆனால் உறைகளை மலிவான காகிதத்தில் வாங்கியிருந்தார்கள். என் அறைச் சுவரில் எக்ஸ்ரே படம் பார்க்கும் விளக்குப் பலகை இருக்கிறது. முதல் உறையை அதன்மேல் வைத்தேன். 'பயிற்சி' என்று தெரிந்தது. அதை உறைக் கட்டின் அடியில் செருகிவிட்டு அடுத்ததை வைத்தேன். 'மௌனம்'.

"இருமலாமா மாப்பிள்ளை?" என்று கேட்டார் மச்சான்.

"மெதுவா."

"தும்மல் வந்தா?"

"முடிஞ்சவரைக்கும் தள்ளிப் போடுங்க."

அதோடு அவர் வாயை மூடினார். பள்ளிக்கூடப் பிள்ளைபோல ஒரு சிலேட்டை எடுத்துக்கொண்டார். என் வார்த்தையை அப்படி யாரும் மதித்ததில்லை. அன்று பொத்தான் கதையை முழுதாகச் சொன்னேன். மறுநாளும் சொன்னேன். மீன் துண்டு என் தட்டுக்கு வந்தது. வீடென்றால் இப்படியல்லவா இருக்க வேண்டும் என்று மனம் நிறைந்துபோனது.

ஆய்வுக் காலம் முடிந்தது. டாக்டரம்மா தொண்டைக்குள் கேமராக் குழாயை விட்டுப் பார்த்தார். "சுத்தமா ஆறிடுச்சு. படத்தைக் காட்டி, பேசச் சொல்லி அனுப்பிடுங்க" என்று என்னிடம் சொல்லிவிட்டு அறுவைச் சிகிச்சை அறைக்குப் போனார். படத்தைப் பார்த்தேன். வழவழவென்று, வெள்ளைவெளேரென்று, அவ்வளவு அழகான குரல்நாண்களை என் தொழிலில் பார்த்ததில்லை. அதை மூடிவிட்டு, கணினியிலிருந்து வேறொரு படத்தை எடுத்து மச்சானுக்குக் காட்டினேன். இரண்டு பக்கமும் கொழுத்த தடிப்புகள்.

மச்சான் வெகுநேரம் பார்த்தார். பிறகு சிலேட்டில் எழுதினார்: "என் குரல் திரும்ப வருமா?"

ஆம் என்றும் இல்லை என்றும் எடுத்துக்கொள்ளக்கூடிய வகையில் தலையை ஆட்டினேன். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பேச்சு வராதபோது கண் கலங்குவது இயல்பு என்று எடுத்துச் சொன்னேன்.

ஒரு சின்னச் சிக்கல் வந்தது. அவர் வீட்டுக் கூரை எப்போதோ சரியாகிவிட்டது. "வாய் பேச முடியாதவரை எப்படிங்க தனியா விடறது?" என்று என் மனைவி அவரை அனுப்ப மறுத்துவிட்டாள். இதை நான் யோசிக்கவில்லை. அதற்குள் ஏலக் கம்பெனி கீச்சுக்குரல் ஆள் ஒருவனை மைக்கோடு மேடையேற்றியிருந்தது. பழைய ஹோட்டல் ஒன்றின் பெரிய ஏலம் வருகிறது, அதற்குள் மச்சானுக்குக் குரல் வராவிட்டால் அந்த ஆளே நிரந்தரம் என்று சொல்லியனுப்பினார்கள். மச்சான் தினமும் போய்க் கூட்டத்தின் பின்வரிசையில் நின்று பார்த்துவிட்டு வருவார். கண்ணாடி முன்னால் சத்தமில்லாமல் உதட்டை மட்டும் அசைத்துப் பார்ப்பார். எனக்கும் சங்கடமாகத்தான் இருந்தது. ஆனால் பொத்தான் கதையில் அப்போதுதான் ஒரு புதுப் பகுதி சேர்த்திருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். சாப்பிட்டுவிட்டு மச்சான் சோபாவில் கண்ணயர்ந்தார். நான் என் மனைவியிடம் பேசிக்கொண்டிருந்தேன். திடீரென்று வீடு அதிர்ந்தது. வெண்கலக் குரல், ஒரு பிசிறில்லை.

"அடுத்த உருப்படி, ஒரு மாப்பிள்ளை. ஆஸ்பத்திரி உத்தியோகம். பேச்சு நிறைய, விஷயம் கம்மி. கேக்கறவங்க கேளுங்க. ஒரு தரம்..."

தூக்கத்தில்தான் பேசினார். என் மனைவி கரண்டியும் கையுமாக அப்படியே நின்றாள்.

"ரெண்டு தரம்..."

நான் அவளைப் பார்த்தேன். எவ்வளவு குறைந்த விலைக்கென்றாலும் அவள் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. மச்சான் என்னை ஓரமாக ஒதுக்கிவைத்துவிட்டு ஒரு மர அலமாரிக்குப் போனார். அலமாரி நல்ல விலைக்குப் போனது.

"அண்ணன் குரலுக்கு என்ன கேடு?" என்றாள் என் மனைவி. "நல்லாத்தானே இருக்கு?"

மறுநாள் காலை என்னிடம் சொல்லாமல் அவரை டாக்டரம்மாவிடம் கூட்டிப் போனாள். மீதி உங்களுக்குத் தெரியும். ஹோட்டல் ஏலத்தை மச்சானே விட்டாராம். இப்போது என் மனைவி அவர் வீட்டில்தான் இருக்கிறாள்.

உறையை ஒளியில் வைத்துப் பார்த்தேன். ஆறிய தொண்டையை ஆறவில்லை என்றேன். இரண்டையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் யாரோ ஒரு நோயாளியின் படத்தை அவர் சம்மதமில்லாமல் காட்டினேன் என்று மூன்றாவதாக ஒன்று எழுதியிருக்கிறீர்களே, அதை மட்டும் மறுக்கிறேன். சம்மதம் இருந்தது. அந்தத் தொண்டை என்னுடையது. போன வருஷம் டாக்டரம்மா எடுத்த படம். கொஞ்ச காலம் வாயைத் திறக்காதீர்கள் என்று அன்றே சொன்னார், இன்றும் பார்க்கும்போதெல்லாம் சொல்கிறார். வைத்தியம் என்ற வகையில் அவர் சொல்வது சரிதான். ஆனால் நான் பேசாமல் இருந்துவிட்டால் எங்கள் வீட்டில் பேச வேறு யார் இருக்கிறார்கள்?