ஞாயிற்றுக்கிழமை எலி

விருத்தாசலத்திலிருந்து சேத்தியாத்தோப்பு போகும் பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் ஓர் அப்பாவும் மகளும்.

"ஞாயித்துக்கெழம ஒன்னப் பொண்ணு பாக்க வராங்க. நீ எலியப் பாக்கப் போறேங்கற" என்றார் அப்பா.

"அன்னிக்குத்தான்ப்பா லேபுல அதுக்கு மூணாவது ஸ்கேன். நாள் தப்புனா, மூளையில நோவு எப்படிப் பரவுதுன்னு தெரியாமயே போயிடும். எத்தன வருச ஆராய்ச்சி."

"அறுத்துப் பாத்துடேன்."

"அப்புறம் அடுத்த மாசம் எதப் பாக்குறது? மயக்கம் குடுத்து உசுரோடதான் பாக்கணும்."

"செராமிக் பேக்டரியில நாங்க ஜாடியத் தட்டியே உள்விரிசல் சொல்லிடுவோம்."

"அந்த மாதிரிதான். மூளைக்குள்ள ரத்தக்கொழா தலமுடியவிட மெல்லிசா, மரக்கெளயாட்டம் தெரியும்ப்பா."

வெளியே நெல்வயல் மேல் மேகநிழல் நகர்ந்தது. அவர் அதையே பார்த்துக்கொண்டு வந்தார்.

"மயக்கத்துல அது கனா காணுமா?"

"தெரியலப்பா."

"தெரிஞ்சா சொல்லு" என்று செல்போனை எடுத்தார். "மாப்ள வூடுங்களா? ஞாயித்துக்கெழம வேணாங்க. பொண்ணுக்கு வேல இருக்குது."