நிஜ மருந்துதானா அது

இன்னொரு தடவ சொல்லுங்க டாக்டர் தம்பி. காது நல்லாத்தான் கேக்குது, இருந்தாலும் உங்க வாயால இன்னொரு தடவ கேக்கணும். நிஜ மருந்து. வெத்து டப்பா இல்ல. எங்க வீட்டுக்காரருக்கு ஒரு வருஷமா நீங்க குடுத்தது நிஜ மருந்துதான். சரி.

உக்காருங்க, எழுந்திருக்காதீங்க. அவரு மருந்து இழுத்த கடைசி இன்ஹேலர் டப்பாவ வாங்கிட்டுப் போகத்தான் வந்தேன்னு வாசல்லயே சொல்லிட்டீங்க, தரேன். அதுக்குள்ள என்ன அவசரம்? அந்த மனுஷன் போயி இன்னும் ஒரு மாசம் முடியல. உங்க ஆஸ்பத்திரி வராந்தாவுல அவர எத்தன நாள் உக்கார வச்சிருப்பீங்க? அதுல கால்வாசி நேரம் என் வீட்டு நாற்காலியில உக்காந்தா ஒண்ணும் தேஞ்சு போயிட மாட்டீங்க.

அனுதாபமெல்லாம் வேணாம். அத வச்சு நான் என்ன பண்ணப் போறேன்?

மொத நாள் நாங்க வந்தது ஞாபகம் இருக்கா உங்களுக்கு? எங்க இருக்கும், தினம் எத்தனையோ பேரப் பாக்கறீங்க. எனக்கு இருக்கு. ரெண்டு பேருமாத்தான் வந்தோம். புதுசா நுரையீரலுக்கு ஒரு மருந்து வந்திருக்கு, ஆராய்ச்சி பண்றாங்க, ஆள் எடுக்கறாங்கன்னு யாரோ சொன்னாங்க. அவருக்கும் மூச்சு வாங்கும், எனக்கும் மூச்சு வாங்கும். ஒரே வீட்டுல ரெண்டு துருத்தி மாதிரி மாத்தி மாத்தி இரைஞ்சுக்கிட்டு கெடப்போம். அவரு எலக்ட்ரீசியன். ஏணி உச்சியில நின்னாலும் வாயில சிகரெட் இருக்கும், அத எடுக்காமயே ஒயர முறுக்குவாரு. நான் பேக்கரியில அடுப்பு பாத்தவ. விறகு அடுப்பு. கல்யாணத்துக்கு முந்தியே போனவ, இருமல் வந்து நிறுத்தற வரைக்கும் அந்த அடுப்பு வாய்க்கு முன்னாடிதான் நின்னேன். மூக்கச் சிந்தினா கருப்பா வரும். அங்க என்னைய எல்லாரும் அடுப்பம்மான்னுதான் கூப்பிடுவாங்க, சொந்தப் பேரு பாதிப் பேருக்குத் தெரியாது.

அந்த நர்ஸ் பொண்ணு நல்ல பொண்ணு. மூச்ச அளக்கற மெஷின் குழாயில அவர ஊத வச்சுது. ஊதுங்க, ஊதுங்க, விடாதீங்க, இன்னும் இன்னும்னு பக்கத்துல நின்னு சத்தம் போட்டுது. பாவம், அவரு கண்ணெல்லாம் செவந்து போச்சு. அப்புறம் என்னையப் பாத்துட்டு, நீங்களும் ஒரு தடவ ஊதிப் பாருங்கம்மான்னுது. ஊதினேன். அந்தப் பொண்ணு மொகம் மாறிப் போச்சு. என்னோடது அவரோடதவிட மோசம்னு அதுதான் சொல்லிச்சு.

அப்ப நீங்க வந்தீங்க. நீங்கதான், பெரிய டாக்டரு இல்ல. இவர எடுத்துக்கறோம், உங்கள எடுக்க முடியாதும்மா, இந்த ஆராய்ச்சிக்கு சிகரெட் குடிச்சவங்களத்தான் எடுக்கணும், விதி அப்படின்னீங்க. நான் கேட்டேன், கீழ கடையில போயி ஒரு பாக்கெட் வாங்கிட்டு வரட்டுமான்னு. நீங்க சிரிச்சீங்க தம்பி. நான் சிரிக்கறதுக்குச் சொல்லல.

என்ன, எல்லாரையும் கலந்து எடுத்தா முடிவு குழப்பமாயிடுமா? ஆயிடும், ஆயிடும். உங்க முடிவு சுத்தமா வரணும். என் நெஞ்சுக்குள்ள இருக்கற குழப்பம் உங்களுக்கு எதுக்கு? காசு குடுத்து வாங்கி, பத்த வச்சு, இழுத்து இழுத்துக் கெடுத்துக்கிட்டாத்தான் அது வியாதி. பத்துப் பேரு பசிக்கு ரொட்டி சுடறதுக்காக நின்னவ மூக்குல பொகை தானா ஏறினா அது வியாதியில்ல. அவரு விட்ட பொகையும் எனக்குள்ளதானே போச்சு? அதுக்காவது பாதி மார்க் போட்டிருக்கலாம்ல.

கோவமா? கோவம் இல்லாம பின்ன? கேக்கறீங்களே ஒரு கேள்வி.

எனக்கு நீங்க எழுதிக் குடுத்தது அந்த நீல டப்பா. எல்லாருக்கும் எழுதறதுதான், மூச்சு முட்டும்போது அடிச்சுக்கறது. அடிச்சா ஒரு மணி நேரம் ஓடும், அப்புறம் பழைய குருடி கதவத் தொறடிங்கற கதைதான். அவருக்கு வெள்ள டப்பா, மஞ்சள் மூடி. காலையில ஒரு இழுப்பு, சாயங்காலம் ஒரு இழுப்பு. பாதிப் பேருக்கு நிஜ மருந்து, பாதிப் பேருக்கு வெத்து, யாருக்கு எதுன்னு எங்களுக்கே தெரியாதுன்னு சொன்னீங்க. அதக் கேட்டு அவரு தலைய ஆட்டினாரு, பெரிசா புரிஞ்ச மாதிரி.

அன்னிக்கு வீட்டுக்கு வந்தோம். இந்த மூணு மாடி நீங்களும் இப்ப ஏறி வந்தீங்க, இளந்தாரி, உங்களுக்கே கொஞ்சம் வாங்குச்சு, நான் பாத்தேன். நான் ஒவ்வொரு வளைவுலயும் உக்காந்து உக்காந்துதான் வந்தேன். கடைசி வளைவுல உக்காந்தவ எந்திரிக்கவே முடியல. அவரு என் பக்கத்துல படியிலயே உக்காந்துக்கிட்டாரு. கையிலருந்த வெள்ள டப்பாவத் திருப்பித் திருப்பிப் பாத்துக்கிட்டு இருந்தாரு.

அப்புறம் மாசாமாசம் வந்தாரு. டப்பாவக் கொண்டாந்து குடுப்பாரு, நீங்க அதுல எத்தன இழுப்பு மிச்சம்னு காட்டற நம்பரப் பாத்து சரியா இழுத்திருக்காருன்னு தட்டிக் குடுப்பீங்க. ஆனா ஊத வச்சா ஒவ்வொரு தடவயும் கொறையுது. ஒரு நாள் என் முன்னாடியே அதட்டினீங்க. ஒழுங்கா இழுக்கறீங்களா, இல்ல காத்துல அடிச்சுட்டு வர்றீங்களான்னு. பள்ளிக்கூடப் பிள்ளைய அதட்டற மாதிரி. பேரன் பேத்தி எடுத்த மனுஷன் தலையக் குனிஞ்சுக்கிட்டு, இழுக்கறேன் சார், இழுக்கறேன் சார்ங்கறாரு. எனக்கு அன்னிக்கே உங்க சட்டையப் புடிச்சு உலுக்கணும் போல இருந்துச்சு. உங்க மருந்து வேலை செய்யலன்னா மருந்தத் திட்டுங்க, அவர எதுக்குத் திட்டறீங்க?

கடைசியில சளிக் காய்ச்சல் வந்து நெஞ்சுல எறங்கினதும் உங்க ஆஸ்பத்திரியிலதான் கொண்டாந்து போட்டோம். உங்களுக்குத் தெரியாததா.

இப்ப என்ன, ஆராய்ச்சி முடிஞ்சு யாருக்கு எதுன்னு பிரிச்சுப் பாத்தாச்சு, முடிவும் எழுதியாச்சா? இவரு மாதிரி ஆளுக்கு இந்த மருந்தால பலன் இல்லன்னு எழுதப் போறீங்க. நல்லா எழுதுங்க.

என்ன கேக்கறீங்க? டப்பாவ ஒழுங்கா உபயோகிச்சாரா, நடுவுல எப்பவாவது விட்டுப் போச்சான்னா? அதெல்லாம் ஒரு வேளகூட விட்டுப் போகல. காலையில பல்லு வெளக்கினதும் ஒண்ணு, சாயங்காலம் வெளக்கு போட்டதும் ஒண்ணு. நான்தானே இழுத்தேன், எனக்குத் தெரியாதா?

ஆமா தம்பி. நான்தான்.

பேனாவக் கீழ வச்சுட்டுக் கேளுங்க. ஒரு வருஷமா நான் இழுத்தது என்னன்னு எனக்கே தெரியாது. சேக்காளி ஒருத்தன் மருந்துக் கடை வச்சிருக்கான், கம்பெனிக்காரன் குடுக்கற சாம்பிள் எல்லாம் சும்மா கெடக்குது, உனக்காக வாங்கிட்டு வரேன்னு சொல்லித்தான் குடுத்தாரு. டப்பா முழுக்கக் கருப்பு டேப் சுத்தியிருந்துச்சு. கேட்டதுக்கு, கீறல் விட்டிருக்கு, அதான் சுத்தினேன்னாரு. எலக்ட்ரீசியன் வீட்டுல டேப் சுத்தாத சாமான் எது? நான் அத ஒரு விஷயமாவே நெனைக்கல. அவரு பால்கனியில திரும்பி நின்னு புஸ்ஸுன்னு அடிச்சுக்குவாரு. அது என்னோட பழைய நீல டப்பான்னு பின்னாடிதான் தெரிஞ்சுது. மாசாமாசம் ஆஸ்பத்திரிக்குக் கெளம்பறப்ப, இப்படிக் குடு, புதுசா மாத்திட்டு வரேன்னு என்கிட்டருந்து வாங்கிட்டுப் போவாரு. போற வழியில டேப்பப் பிரிச்சு உங்ககிட்ட நீட்டியிருக்காரு. நம்பர் சரியா இல்லாம எப்படி இருக்கும், நான்தான் நேரம் தவறாம இழுக்கறேனே.

எனக்கு அந்த மருந்து கேட்டுச்சு. கேக்காம என்ன. ரெண்டாவது மாசத்துலயே இருமல் அடங்கிடுச்சு. அப்புறம் ஒரு நாள் ஈரத் துணி வாளியத் தூக்கிக்கிட்டு மொட்டை மாடி வரைக்கும் போயிட்டேன், எங்கயும் உக்காரல. திரும்பிப் பாத்தா அவரு கீழ படி வளைவுல கைப்பிடியப் புடிச்சுக்கிட்டு நிக்கறாரு. மூச்சு வாங்குது, பேச முடியல, ஆனா சிரிக்கறாரு. என்னத்துக்கு இளிக்கறீங்கன்னு நான் ஒரு அதட்டுப் போட்டேன்.

எப்பத் தெரிஞ்சுதா? உங்க ஆஸ்பத்திரியிலதான். ஆராய்ச்சி டப்பாவக் கொண்டாங்கன்னு நர்ஸ் பொண்ணு கேட்டுச்சு. அவரு சட்டை, பை, தலகாணி எல்லாம் தடவிப் பாக்கறேன், நீல டப்பாதான் வருது. எங்க வச்சீங்கன்னு கேட்டா, ஆக்சிஜன் மாஸ்க்கோட படுத்துக்கிட்டே என் கைப்பையக் காட்டறாரு. டேப்பப் பிரிச்சுப் பாத்தா மஞ்சள் மூடி. அந்த நெலமையிலயும் நான் அவரத் திட்டினேன் தம்பி. என்னைய என்னன்னு நெனச்சீங்க, உங்க உசுர வாங்கிக்கிட்டு நான் நல்லா இருக்கணுமான்னு கத்தினேன். அவரு மாஸ்க்க லேசா ஒதுக்கி, மூணு மாடி ஏறுனியா இல்லையான்னாரு. அவ்வளவுதான் சொன்னாரு. ரெண்டு நாள்ல போயிட்டாரு.

உங்ககிட்ட அப்பவே ஏன் சொல்லலயா? எதுக்குச் சொல்லணும்? நான் ஒரே ஒரு நெனப்பப் புடிச்சுக்கிட்டுத்தான் இத்தன நாள் எந்திரிச்சேன், படுத்தேன். அது வெத்து டப்பாவா இருக்கும், எனக்கு நல்லானது என் மனப்பிரமை, அந்த மனுஷன் எனக்கு வெறும் காத்தத்தான் குடுத்தாரு, அவருக்கு அதால நஷ்டம் ஒண்ணும் இல்லன்னு. அத நீங்க இன்னிக்கு நாற்காலியில உக்காந்த ஒடனே புடுங்கிட்டீங்க.

இல்ல, நீங்க தெரிஞ்சு பண்ணலதான். ஒத்துக்கறேன். எனக்குத் தண்ணி வேணாம், நீங்க குடிங்க. உங்க மொகம்தான் வெளுத்துப் போயிருக்கு.

என்ன சொல்றீங்க? அவரோட கணக்கையே ஆராய்ச்சியிலருந்து தூக்கிடணுமா? விதி மீறிட்டாரு, அதனால சேக்க முடியாது. அப்படியா. அப்ப அவரும் இல்ல, நானும் இல்ல. நாங்க ரெண்டு பேரும் உங்க ஆஸ்பத்திரிக்கு வரவே இல்ல.

சரி, அதுக்கப்புறம் என்னமோ சொன்னீங்களே. நான் வந்து ஊதணுமா? பெரிய டாக்டர்கிட்ட காட்டணுமா? வரேன். நாளைக்குக் காலையிலயே வரேன். அந்த நர்ஸ் பொண்ணையே நிக்கச் சொல்லுங்க, அது போடற சத்தத்துக்குத்தான் எனக்கு ஊத வரும். எவ்வளவு வேணாலும் ஊதறேன். ஆனா ஒண்ணு தம்பி, வர்ற நம்பர அவரு பேருக்கு நேராத்தான் எழுதணும்.