மேலிருந்து எடுத்த படம்

ஓடுகிறேன். இடுப்பின் இருபுறமும் இரண்டு கைக்குழந்தைகள். சேலையைப் பிடித்தபடி ஏழு பிள்ளைகள். தேயிலைக்கு நடுவே ஒற்றையடிப் பாதை. மேலே முதல் வெடி. பிறகு இரண்டு. சத்தம் மேற்கே கேட்கிறது. கிழக்கே ஓடுகிறேன். கேட்டது எதிரொலி. மலை என்னை வெடியை நோக்கியே ஓடவிட்டது.

2008. ஆவணி மாதம். செவ்வாய்க்கிழமை. நிவித்திகலவுக்கு மேலே, காட்டெல்லையில் எங்கள் தோட்டம். கொழுந்து பறிக்கும் பெண்கள் பிள்ளைகளை விட்டுச் செல்லும் பிள்ளைக்காம்பராவுக்கு நான் பொறுப்பு. என் கணவர் இராமையா கவ்வாத்து வெட்டுபவர். முதிர்ந்த தேயிலைச் செடியைக் கத்தியால் தாழ வெட்டும் வேலை அது. வெட்டுத் தொடங்கும் நாளில் காட்டோரக் கல்லின் முன் கத்திகளை அடுக்கிச் சூடம் கொளுத்துவார்கள். கவ்வாத்துச் சாமியைக் கும்பிடாமல் ஒருவரும் செடியில் கத்தி வைப்பதில்லை.

மூன்று நாளாக ஒரு விமானம் வந்துகொண்டிருந்தது. ஆளில்லாமல் பறப்பது. காட்டில் ஆயுதக்காரர் ஒளிந்திருப்பதாகவும் இராணுவம் தேடுவதாகவும் கடைவீதியில் பேச்சு. தையல் மெஷின் போன்ற சத்தம். முகில் விலகும்போது மட்டும் கண்ணில் படும். ஒரு மலைக்குப் பின்னால் மறையும். சத்தம் இன்னொரு மலையிலிருந்து வரும்.

காலை ஏழு மணி. தூறல். அவர் புறப்படுகிறார்.

"ஏங்க, இந்த ஈரத்துல சூடம் நிக்காது. பாக்கெட்டோட கொண்டு போங்க."

"சாமிக்கு ஒரு கட்டி போதாதா, சரசு?"

"போதாதுங்க. காஞ்ச குச்சியும் சேத்துப் போடுங்க."

உடன் வெட்டும் மாரிமுத்து வானத்தைப் பார்த்தார். "மதினி, மேல புதுக் கங்காணி சுத்துறாரு. சாமி கும்புட்டு நேரத்தப் போக்குனா எங்களுக்கு இன்னைக்கு அரைப்பேருதான்."

விமானம் மேற்பார்வை பார்க்கிறது, அரைநாள் சம்பளம்தான் கிடைக்கும் என்பது கேலி. மூவரும் சிரித்தோம்.

எட்டு மணி பத்து நிமிடம். காட்டோரத்தில் வெள்ளைப் புகை எழுந்தது. பிள்ளைகளுக்குப் பால் கரைத்துக்கொண்டிருந்தேன். மெஷின் சத்தம் புகைக்கு மேலே வந்தது. மற்ற நாட்களில் கடந்து போய்விடும். அன்று போகவில்லை. பதினான்கு சுற்றுவரை எண்ணினேன். பிறகு முகில் மூடியது. சத்தம் மட்டும் இருந்தது.

ஒன்பது ஐம்பது. லொறிகள் ஏறும் இரைச்சல். பத்தே கால். வெடி.

"துவன்ன எப்பா!"

ஓடாதே என்று சிங்களத்தில் கத்துகிறார்கள். பாதை வளைவில் சிப்பாய்கள். நிற்கிறேன்.

"பொடி ளமயி, மஹத்தயா! பொடி ளமயி!"

சின்னப் பிள்ளைகள், ஐயா என்று கத்துகிறேன். துப்பாக்கி தாழ்கிறது. எங்களை அங்கேயே உட்காரவைத்தார்கள். மேலே என் கணவர். மடியில் பிறர் பிள்ளைகள். நான் எழுந்திருக்கவில்லை.

மேலே நடந்ததை, அவர்கள் பிடித்துச் சென்று நாற்பது நாள் கழித்துத் திரும்பிவந்த மாரிமுத்து சொன்னார். பூசை செய்த பெருமாளுக்குக் காது கேளாது. நில் என்றார்கள். அவர் தம் கத்தியை எடுக்கக் குனிந்தார்.

"சுடாதீங்க! அவருக்குக் காது கேக்காது!"

கத்தியவர் இராமையா. அவருக்குச் சிங்களம் நன்றாகத் தெரியும். கஹவத்தைக் கடைகளில் அவர் பேசினால் சிங்களவர் என்றே நினைப்பார்கள். அந்த ஒரு நொடியில் வாயில் வந்தது தமிழ்.

விசாரணையில் மாரிமுத்துவிடம் விமானம் எடுத்த ஒரு படத்தைக் காட்டினார்களாம்.

"வெள்ளப் பொக, மதினி. சுத்தி நாங்க. கத்தியெல்லாம் வரிசையா கெடக்கு. அண்ணன் குனிஞ்சு கும்புடுறாரு. தலையும் முதுகுந்தான் தெரியுது."

இராமையாவை வேறு லொறியில் ஏற்றியிருந்தார்கள். இரத்தினபுரிக்குப் பல முறை பஸ் ஏறினேன். அப்படி ஒருவர் இல்லை என்றே ஒவ்வொரு வாசலிலும் சொன்னார்கள். 2009இல் போர் முடிந்த செய்தி வந்தது. கீழே ஊரில் பட்டாசு வெடித்தார்கள். அன்றும் சத்தம் எதிர்மலையிலிருந்துதான் வந்தது. காம்பராவின் கதவைச் சாத்திக்கொண்டு தனியே உட்கார்ந்திருந்தேன்.

மேலே போனவர்கள் பதினொருவர். பெருமாள் அந்தச் சாமிக் கல்லின் முன்பே சூடுபட்டு இறந்தார். ஏற்றிச் சென்றது மூவரை மட்டும். திரும்பியவர்கள் இருவர். கத்திகள் பதினொன்று. ஒன்றும் வரவில்லை. அந்த மலையில் அதன்பின் கவ்வாத்து வெட்டவில்லை. தேயிலை மரமாகிவிட்டது. என்னோடு ஓடிய பிள்ளைகள் ஒன்பது பேர். ஒருவரையும் நான் இழக்கவில்லை.

சூடம், ஒரு பாக்கெட். நான் கொடுத்தது.

படம், ஒன்று. அவருடைய கடைசிப் படம். யாருடைய அலமாரியிலோ இருக்கிறது. நான் இன்னும் பார்க்கவில்லை.